மலக்குடல் புற்றுநோய்க்கான ‘டி.எம்.இ.’ அறுவையைக் கொண்டுவந்தவர் யார்?

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் உங்கள் அப்பாவுக்கு ‘டி.எம்.இ.’ அறுவை என்று எழுதித் தந்திருப்பதாகவும், அது யாருடைய முறை என்றும் கேட்டிருக்கிறீர்கள். டி.எம்.இ. (Total Mesorectal Excision) என்பது மலக்குடலை, அதைச் சுற்றியுள்ள கொழுப்புறையோடு சேர்த்து முழுதாக எடுக்கும் அறுவை.

இங்கிலாந்தில் பேசிங்ஸ்டோக் என்ற ஊரின் மருத்துவர் பில் ஹீல்ட் வகுத்தது. அதற்கு முன்பு பலர் கையை உள்ளே விட்டு, தடவிப் பிரித்தே மலக்குடலை எடுத்தார்கள். சுற்றியுள்ள கொழுப்பில் கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடும். நோய் அதே இடத்தில் திரும்பி வருவதற்கு அதுவே காரணம் என்று 1982இல் ஹீல்ட் எழுதினார். கண்ணால் பார்த்தபடியே கூர்மையாக வெட்டி, கொழுப்புறை கிழியாமல் முழுதாக எடுப்பதுதான் அவர் வழி. நுங்கைத் தோலோடு உடையாமல் தோண்டியெடுப்பது போல, பொறுமை வேண்டிய வேலை.

புது மருந்தும் இல்லை, விலையுயர்ந்த இயந்திரமும் இல்லை. ஸ்டாக்ஹோம் போன்ற ஊர்களுக்கே போய், அறுவை அரங்கில் செய்துகாட்டிக் கற்பித்தார். கட்டுரையைவிட இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

2001இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், இந்த அறுவை மட்டும் செய்தவர்களில் 8.2 சதவீதத்தினருக்கு இரண்டாண்டுக்குள் அதே இடத்தில் நோய் திரும்பியது. முன்னதாகக் கதிர்வீச்சும் பெற்றவர்களில் 2.4 சதவீதம். ஆகவே, முதலில் கதிர்வீச்சு என்று மருத்துவர் சொன்னால், அறுவையைத் தள்ளிப்போடுகிறார்கள் என்று பதற வேண்டாம்.