கச்சேரி போன பிறகு கடைத்தெரு

கேள்வி: ஐயா, மட்டக்களப்பு டவுனில், புளியந்தீவில் அப்பா நடத்திய தையல் சாமான் கடையை இப்போது நான் பார்க்கிறேன். நூல், பொத்தான், சிப், லேஸ் எல்லாம் இருக்கிறது. 2024இல் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், திராய்மடுவுக்குப் போன பிறகு காலை வியாபாரம் விழுந்துவிட்டது. காத்தான்குடியும் ஏறாவூரும் களுவாஞ்சிக்குடியும் எங்கள் ஆட்களை இழுத்துவிட்டன என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சொல்கிறார்கள். பெரிய கடைத்தொகுதி ஒன்று கட்டினால் ஆட்கள் திரும்பி வருவார்களா?
(வாசகி, புளியந்தீவு)

பதில்: மகள், கடைத்தொகுதி வேண்டாம். ஏன் என்று சொல்வதற்கு முதல் கச்சேரியைப் பற்றி ஒரு விஷயம்.

கச்சேரிக்கு வந்தவர் யாரும் நூல் வாங்க வந்தவர் இல்லை. காணிக் கடிதத்தில் ஒரு கையெழுத்துக்காக வெல்லாவெளியிலிருந்து விடியப்புறம் பஸ் ஏறியவர், “பத்தரைக்கு வாருங்கள்” என்று சொன்னதும் வெளியே வந்து தேநீர் குடித்தார், போட்டோ கொப்பி எடுத்தார். அப்புறம்தான் மனைவி சட்டைப்பையில் வைத்துவிட்டது ஞாபகம் வந்தது: பிளவுஸ் துணியின் ஓரத்தில் வெட்டிய விரலளவு துண்டு, அதே நிறத்தில் நூல் ஒரு கட்டை வேண்டும். உங்கள் அப்பா அந்தத் துண்டை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் நூல் எடுப்பார். வீட்டுக்கும் கடைக்கும் சபை அறவிடும் சோலைவரியின் புத்தகத்தோடு உங்கள் வீதியால் நடந்த காலத்தில் இதை நான் எத்தனையோ தடவை நின்று பார்த்திருக்கிறேன்.

அலுவலகம் இடம்மாறியது பிழை என்று சொல்லமாட்டேன். கச்சேரி இருந்தது 1628இல் போர்த்துக்கேயர் கட்டி 1638இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டையில். அதற்குள் ஒரு மாவட்டத்தின் நிர்வாகத்தையே நெருக்கி வைத்திருந்தோம். ஆனால், கையெழுத்துக்காகக் காத்திருந்த அந்த இரண்டு மணித்தியாலம்தான் உங்கள் கடைத்தெருவின் சோறு. அது போகும்போது அந்த இடத்துக்கு என்ன வரும் என்று முதலே யோசித்திருக்க வேண்டும்.

கடைத்தொகுதி அந்த இடத்தை நிரப்பாது. நான் வேலை செய்த ஒரு சபை இரண்டு மாடியில் அப்படி ஒன்று கட்டியது. கீழ்மாடிக் கடைகளுக்கு அடிபிடி. மேல்மாடியில் பாதிக் கதவு திறக்கவே இல்லை. இரண்டு கையிலும் மரக்கறிப் பை, இடுப்பில் பிள்ளை, இதோடு யார் படியேறுவார்? வாடகைப் பாக்கி எழுதி எழுதி என் பேனைதான் தேய்ந்தது.

அமெரிக்காவிலும் சின்ன நகரங்களின் கடைத்தெருக்கள் இப்படி வாடின. ஊருக்கு வெளியே பெரிய வணிக வளாகங்கள் வந்து உள்ளூர்த் தெருவைக் காலியாக்கின. 1977இல் கேல்ஸ்பர்க், மேடிசன், ஹொட் ஸ்பிரிங்ஸ் என்ற மூன்று ஊர்களில் ஒரு பரீட்சார்த்த முயற்சி தொடங்கியது. ஒவ்வொரு கடைத்தெருவுக்கும் சம்பளத்துக்கு ஒரு முழுநேர ஆள். பழைய கட்டடங்களை இடிக்காமல் திருத்துவது, தெருவில் எந்தக் கடை இல்லை என்று பார்த்து அதைக் கொண்டுவருவது, எல்லாரும் சேர்ந்து விழாவும் விளம்பரமும் செய்வது. மூன்று ஊரில் தொடங்கியது 1980இல் நாடு முழுவதற்குமான திட்டமாக வளர்ந்தது.

உங்கள் தெருவில் இன்றும் மிஞ்சியிருக்கும் பெரிய சொத்து பள்ளிக்கூடங்கள். 1814இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரியும் 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரியும் புளியந்தீவில்தான் இருக்கின்றன. பள்ளி விடும் ஒன்றரை மணிக்கு முன்பே தாய்மார் வந்து மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி உச்சி வெயிலில் நிற்கிறார்கள். அவர்களுக்கு ஒரு நிழல், இருக்க ஒரு வாங்கு, குடிக்கத் தண்ணீர், சுத்தமான கழிப்பறை. இதைக் கேட்டு பத்துக் கடைக்காரர் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டு மாநகர சபைக்குக் கொடுங்கள். அதோடு ஒரு கிழமைக்குக் கடை வாசலில் ஒரு கொப்பி வைத்து, மணிக்கு எத்தனை பேர் நடந்து போகிறார்கள், எத்தனை பேர் கையில் பை இருக்கிறது என்று கோடு போட்டு எண்ணுங்கள். கணக்கோடு போகிறவரை சபையில் யாரும் லேசில் திருப்பி அனுப்பமாட்டார்கள். அந்தக் கதிரையில் இருந்தவன் சொல்கிறேன்.

காத்தான்குடி இழுத்துவிட்டது என்ற பேச்சை மட்டும் விட்டுவிடுங்கள். அவர்கள் வீதி நடுவே பேரீச்சை நட்டார்கள், கடைகளை நன்றாக வைத்திருக்கிறார்கள். அது உழைப்பு. மிச்சத்தை அடுத்த கேள்வியில் பாருங்கள்.

கேள்வி: டவுனைச் சோடிக்க வேண்டும் என்று எழுதுகிறீர்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கும் எங்களுக்கு அதனால் என்ன? நான் தயிர் விற்கிறவள். பின்னேரம் பஸ் தப்பினால் ஆட்டோவுக்கு அன்றைய லாபம் முழுவதும் போய்விடும்.
(வாசகி, கொக்கட்டிச்சோலை)

பதில்: தங்கச்சி, நியாயமான கேள்வி. மண்முனைத் துறையில் வாவியைக் கடக்க ‘பாதை’ என்ற மிதவை ஓடிய காலம் உங்களுக்கும் நினைவிருக்கும். சைக்கிள், நெல் மூட்டை, வாயில் தாள் கட்டிய தயிர்ச்சட்டி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு அது அசைந்து வரும்வரை கரையில் நிற்போம். 2014இல் பாலம் வந்தது. பாலத்தால் இறங்கி வடக்கே திரும்பினால் முதலில் ஆரையம்பதி, பிறகு காத்தான்குடி, அதற்கும் அப்பால்தான் கல்லடி, புளியந்தீவு. கிட்ட இருக்கும் கடைக்கு நீங்கள் போனால் அது யாருக்கும் செய்த துரோகம் இல்லை. பாதை மாறினால் சந்தையும் மாறும்.

டவுன் உங்களை நம்பித்தான் இருக்கிறது. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் குழாயைத் திறந்தால் வருவது உங்கள் பக்கத்து உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர். மாநகரக் குப்பைக்கு ஏறாவூர்ப்பற்றில் கொடுவாமடு வேண்டியிருக்கிறது. தண்ணீருக்கும் குப்பைக்கும் சபை எல்லையைத் தாண்டத் தெரிந்த நாம், பஸ்ஸுக்கும் சந்தைக்கும் மட்டும் ஏன் எல்லைக்குள் நிற்கிறோம்?

ஒரு காரணம் வரி. கடை எந்த எல்லைக்குள் இருக்கிறதோ, சோலைவரி அந்தச் சபைக்கு. அதனால் ஒவ்வொரு சபையும் தனக்கென்று ஒரு கடைத்தொகுதி, தனக்கென்று ஒரு சந்தை கேட்கிறது. இந்தப் போட்டியைத் தணிக்க அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 1971இல் ஒரு சட்டம் போட்டது. மினியாபொலிஸ், செயின்ட் போல் இரட்டை நகரங்களைச் சுற்றியுள்ள ஏழு மாவட்டங்களில் எந்த ஊரில் கடையும் ஆலையும் பெருகினாலும், பெருகிய வரிமதிப்பில் 40 சதவீதம் பொதுவில் சேரும். வலுக்குறைந்த ஊருக்கு அதிலிருந்து கூடுதலாகப் போகும். பக்கத்து ஊர் வளர்ந்தால் எனக்கும் ஒரு பிடி வரும் என்றால் பொறாமை குறையும் அல்லவா? எங்கள் ஊரில் அப்படியொன்று உடனே வராது. ஆனால் மாநகர சபையும் காத்தான்குடி, ஏறாவூர் நகர சபைகளும் சுற்றியுள்ள பிரதேச சபைகளும் மாதம் ஒரு தரம் ஒரே மேசையில் இருப்பதற்கு மனம் போதும். 2023 மார்ச்சில் சபைகள் கலைந்து 2025 மே தேர்தல்வரை கேட்பதற்கு நாங்கள் தெரிவு செய்த ஆளே இருக்கவில்லை. இப்போது இருக்கிறார்கள். கேட்கலாம்.

முதலில் கேட்க வேண்டியது பின்னேர பஸ். நீங்கள் சட்டியை விற்று முடித்து, பிள்ளைக்குக் கொப்பியும் உங்களுக்கு நூலும் வாங்கி, அவசரப்படாமல் வீடு போக ஒரு பஸ். அது ஓடினால் புளியந்தீவுக் கடைகளும் இன்னும் ஒரு மணித்தியாலம் திறந்திருக்கும்.

கேள்வி: புதிய கல்லடிப் பாலம் 2013இல் திறந்துவிட்டார்கள். பழைய பாலத்தின் மேல் கடைகள் போட்டால் வருமானம் வராதா?
(வாசகர், கல்லடி)

பதில்: வேண்டாம் தம்பி. 1924ஆம் ஆண்டுப் பாலம் அது. பின்னேரம் வாவிக் காற்றில் நடக்கிறவரும் தூண்டில் போடுகிறவரும் அங்கே நிற்கட்டும்.

வாசகர்களுக்கு: உங்கள் ஊருக்கு டவுனிலிருந்து கடைசி பஸ் எத்தனை மணிக்குப் புறப்படுகிறது, அது ஒழுங்காக ஓடுகிறதா என்று ஒரு தபாலட்டையில் எழுதி அனுப்புங்கள். வாகரை, வாகனேரி, மண்டூர், வெல்லாவெளி, எங்கிருந்தென்றாலும் பரவாயில்லை. வந்த நேரங்களை ஊர் வாரியாக இந்தப் பக்கத்திலேயே போடுகிறேன், ஒரு பிரதியை ஒவ்வொரு சபைக்கும் என் கையால் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.