எண்ணெய், தண்ணீர், பிசின்: வாசகர் கேள்விகள்

(பதில் சொல்பவர், டி.பார்ம் மாணவர்களுக்கு மருந்துக் கலவை தயாரிக்கக் கற்றுக்கொடுத்து ஓய்வுபெற்ற ஆசிரியர்)

கேள்வி: முழங்கால் வலிக்கு மருந்துக் கடையில் ஒருமுறை கண்ணாடி மாதிரித் தெளிவான ஜெல் கொடுத்தார்கள். அடுத்த முறை கிரீம் போல வெள்ளையாக ஒன்று. அதன் மேலும் ஜெல் என்றுதான் இருக்கிறது. கேட்டால், "இது எமல்ஷன் டைப்புமா" என்கிறார். ஜெல் வேறு, எமல்ஷன் வேறு இல்லையா? இரண்டில் எது நல்லது?
- ஒரு வாசகி, போடிநாயக்கனூர்

பதில்: கடைக்காரர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் அம்மா. ஒரே குழாயில் இரண்டும் இருக்கலாம். ஒன்றோடொன்று கலக்காத இரண்டு திரவங்களில், ஒன்று பொடித் துளிகளாக மற்றதற்குள் பரவி நின்றால் எமல்ஷன். ஜெல்லுக்கு இரண்டு திரவம் வேண்டியதில்லை. ஒரு திரவமும், அதை ஓடவிடாமல் பிடித்துவைக்க உள்ளே நெடுக ஒரு நுண்ணிய வலையும் போதும்.

உங்கள் கண்ணாடி ஜெல்லில் பெரும்பகுதி தண்ணீரும் ஆல்கஹாலும்தான். கெட்டியாக்குவது பெரும்பாலும் கார்போமர் என்கிற வெள்ளைத் தூள். நூறு கிராம் ஜெல்லுக்கு ஒரு கிராம் தாராளம். தண்ணீரில் தூவிக் கலக்கும்போது அது நீர்த்துத்தான் கிடக்கும். காரத்தன்மையுள்ள டிரைஎதனோலமைனை நாலு சொட்டு விட்டதும் பாருங்கள், கண்ணெதிரே இறுகி, கலக்குகிற குச்சியை விடமாட்டேன் என்று பிடித்துக்கொள்ளும். ஆனால் உப்பு அதற்கு ஆகவே ஆகாது. கார்போமர் போட்ட சானிடைசர் ஜெல் வீட்டில் இருந்தால், உள்ளங்கையில் ஒரு சொட்டு வைத்துத் தூள் உப்பு ஒரு சிட்டிகை தூவித் தேய்த்துப் பாருங்கள். தண்ணீராகிவிடும்.

இனி, வெள்ளைக் குழாயின் லேபிளைப் படியுங்கள். நம் ஊரில் விற்பவை பலவற்றில் டைக்ளோஃபெனாக் டைஎதிலமைன் 1.16%, லின்சீட் ஆயில் 3%, மெத்தில் சாலிசிலேட் 10%, மென்தால் 5% என்று போட்டிருக்கும். லின்சீட் ஆயில் என்பது ஆளிவிதை எண்ணெய். அதுவும் மெத்தில் சாலிசிலேட்டும் தண்ணீரோடு சேராது. அதனால் துளிகளாக்கி ஜெல்லுக்குள் நிறுத்திவைக்கிறார்கள். அந்தத் துளிகள் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால்தான் வெள்ளையாகத் தெரிகிறது. வெறும் எமல்ஷனாக விட்டால் துளிகள் மெல்ல ஒன்றுசேர்ந்து பிரிந்துவிடும். ஜெல்லின் வலை அதை நடக்கவிடாது.

எது நல்லது? மருந்தும் அளவும் ஒன்றாக இருந்தால் உங்கள் தோலுக்கு ஒத்துப்போவதுதான் நல்லது. தெளிவான ஜெல் ஜில்லென்று இருக்கும், சீக்கிரம் உலரும், வெடித்த தோலில் எரியும். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள் மட்டும் மெத்தில் சாலிசிலேட் இருக்கிற குழாயை டாக்டரிடம் கேட்காமல் தொடவேண்டாம்.

கேள்வி: கத்தரிக்கு வேப்பெண்ணெய் அடிக்கிறேன். காதி சோப்பு கரைத்துத்தான் கலக்குகிறேன். ஆனாலும் டேங்கில் எண்ணெய் மிதக்கிறது, சில இலைகள் கருகிவிட்டன.
- ஒரு விவசாயி, ஒட்டன்சத்திரம்

பதில்: பத்து லிட்டர் தண்ணீரையும் டேங்கில் ஊற்றிவிட்டு, மேலே எண்ணெயும் சோப்பும் விடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். வரிசையை மாற்றுங்கள்.

எங்கள் லேபில் எண்ணெய் எமல்ஷனுக்குக் கணக்கு 4:2:1. எண்ணெய் நாலு பங்கு, தண்ணீர் இரண்டு, அக்கேசியா பிசின் தூள் ஒன்று. ஈரமே இல்லாத கல்வத்தில் எண்ணெயையும் பிசினையும் இழைத்துவிட்டு, அந்த இரண்டு பங்குத் தண்ணீரையும் ஒரே மூச்சில் ஊற்றி, கை நிற்காமல் ஒரே பக்கமாக அரைக்கவேண்டும். கொஞ்ச நேரத்தில் வெண்ணெய் நிறம் வரும், குழவி நகரும்போது சட்சட்டென்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் வந்தால்தான் மார்க். வந்தபிறகு எவ்வளவு தண்ணீர் வேண்டுமானாலும் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். சத்தம் வருமுன்னே தண்ணீரைக் கொட்டிய மாணவனுக்கு எண்ணெய் தனி, தண்ணீர் தனிதான்.

வயலிலும் இதே சூத்திரம்தான். லிட்டருக்கு 30 மில்லி எண்ணெய் என்றால் பத்து லிட்டருக்கு 300 மில்லி. அதைச் சின்ன வாளியில் எடுத்து, கெட்டியான சோப்புக் கரைசலை விட்டு, வெளுத்துக் கூழாகும்வரை அடியுங்கள். அப்புறம் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக. உங்கள் போர்த் தண்ணீர் உப்புத் தண்ணீரா என்றும் பாருங்கள். கடினநீரில் உள்ள கால்சியம் சோப்பைத் திரித்துவிடும், அப்புறம் துளிகளைப் பிரித்துவைக்க ஆளில்லை. மழைத்தண்ணீர் கிடைத்தால் விசேஷம். கலந்த அன்றே, வெயில் தாழ்ந்தபின் அடியுங்கள். எண்ணெய் வளையம் மிதந்தால் அடிக்காதீர்கள், துளி துளியாக விழவேண்டிய எண்ணெய் திட்டாக விழுந்துதான் இலை கருகுகிறது.

கேள்வி: தயிர் ஜெல்லா, எமல்ஷனா? வீட்டில் பந்தயம் கட்டியிருக்கிறோம்.
- ஒரு கல்லூரி மாணவி, கும்பகோணம்

பதில்: பந்தயப் பணத்தைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பால் எமல்ஷன், தண்ணீரில் கொழுப்புத் துளிகள். உறை ஊற்றிப் புளிக்கப்புளிக்க, பி.எச். 4.6 பக்கம் வரும்போது கேசின் என்ற புரதம் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு வலையாகிறது. கொழுப்புத் துளிகளும் தண்ணீரும் அதற்குள் மாட்டிக்கொள்கின்றன. அதாவது எமல்ஷனைச் சிறைப்பிடித்த ஜெல். கெட்டித் தயிரில் ஒரு கரண்டி அள்ளிப் பாருங்கள், பள்ளத்தின் ஓரம் சரியாமல் நிற்கும். கொஞ்ச நேரத்தில் பள்ளத்தில் நீர் ஊறும், வலை சுருங்கிப் பிழிந்துவிட்ட நீர் அது.

கடைந்தால் கதை தலைகீழ். வெண்ணெயில் கொழுப்பு வெளியே, நீர்த்துளிகள் உள்ளே. கடை வெண்ணெயில் கொழுப்பு 80 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, மீதியில் பெரும்பகுதி தண்ணீர். உருக்கும்போது சடசடப்பது அந்தத் தண்ணீர்தான். அது அடங்கியதும் முருங்கைக்கீரையைப் போட்டு இறக்கிவிட்டால் நெய். அதில் தண்ணீர் இல்லை, ஆகவே எமல்ஷனும் இல்லை.

கேள்வி: சுவருக்கு அடிக்கும் எமல்ஷனும் இதுதானா?
- ஒரு வாசகர், கரூர்

பதில்: பிறப்பால் எமல்ஷன். தொழிற்சாலையில் தண்ணீரில் துளிகளாக இருந்த மூலப்பொருள், உங்கள் வாளிக்கு வரும்போது பிளாஸ்டிக் மணிகளாகிவிட்டது. தண்ணீர் உலர்ந்ததும் மணிகள் ஒட்டிப் படலமாகும்.

கேள்வி: ஜெலட்டினில் அன்னாசித் துண்டு போட்டு ஜெல்லி செய்தேன். ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தும் உறையவில்லை. அக்கா சைனா கிராஸில் செய்தால் உறைகிறதே?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: ஜெலட்டின் ஒரு புரதம். வேகவைக்காத அன்னாசியில் உள்ள புரோமலைன் புரதத்தை வெட்டிப்போடும் நொதி. வலை பின்னப்பின்ன அறுத்துக்கொண்டே இருந்தால் எங்கே உறைவது! சைனா கிராஸ் என்கிற அகர் கடற்பாசியிலிருந்து எடுக்கும் மாவுச்சத்து மாதிரியான பொருள், புரோமலைனுக்கு அங்கே வேலையில்லை.

இதே தலைவலி 1881இல் ஜெர்மனியில் பாக்டீரியா ஆய்வாளர் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்திலும் இருந்தது. அவர்கள் பாக்டீரியா வளர்த்த ஜெலட்டின் கோடையில் உருகியது, சில பாக்டீரியாக்கள் அதைக் கரைத்தே நீராக்கின. அங்கே வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனிதான், தன் சமையலறையில் ஜெல்லிக்குப் போடும் அகரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். இன்றைக்கும் லேப் தட்டுகளில் அதுதான். உறைந்த அகர் 85 டிகிரி பக்கம் போனால்தான் உருகும், மதுரை வெயிலுக்கெல்லாம் அசையாது.

ஜெலட்டினில்தான் செய்வேன் என்றால், அன்னாசியைக் கொதிக்கவிட்டு ஆறியபின் போடுங்கள், சூட்டில் நொதி செத்துவிடும். டின் அன்னாசி ஏற்கெனவே வெந்தது, அப்படியே போடலாம். வேகவைக்காத பப்பாளியும் கிவியும் இதே ரகம்.