தொட்டியின் மட்டத்தைத் தொடாமல் அளக்க அல்ட்ராசோனிக் சென்சாரா, ரேடாரா?

நான்கு மீட்டர் உயரமுள்ள, மூடிய கரைப்பான் தொட்டிக்கு எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் திரவத்துக்கு மேலுள்ள காலியிடத்தில் என்ன நிறைந்திருக்கிறது என்பதைக் குறிப்பிடவில்லை. என் பார்வையில் தேர்வைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த இடம்தான்.

அல்ட்ராசோனிக் கருவி ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடுகிறது. காற்றில் 20 பாகை செல்சியஸில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர்; ஒவ்வொரு பாகைக்கும் அது சுமார் 0.6 மீட்டர் மாறும். கருவிக்குள் வெப்பநிலைத் திருத்தம் உண்டு என்றாலும், அது அறிவது தான் பொருத்தப்பட்டிருக்கும் இடத்தின் வெப்பத்தை மட்டுமே. வெயிலில் கூரை காய்ந்து, உள்ளிருக்கும் வாயுவின் சராசரி வெப்பம் அதைவிடப் பத்துப் பாகை குறைவாக இருந்தால், மூன்று மீட்டர் தூரத்தில் ஐந்து சென்டிமீட்டர் அளவுக்குப் பிழை வரும். கரைப்பானின் ஆவி சேர்ந்தால் ஒலியின் வேகமே வேறாகிவிடும். ஆவியின் செறிவு நாளுக்கு நாள் மாறுவதால் அதை ஒருமுறை அளந்து திருத்திவிடவும் முடியாது. திறந்த நீர்த்தொட்டிக்கும் கழிவுநீர்க் குழிக்கும் இதே கருவி மலிவாகவும் நன்றாகவும் உழைக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ரேடாரும் எதிரொலியைக் கொண்டே அளக்கிறது; ஆனால் அது அனுப்புவது ஒலியை அல்ல, மின்காந்த அலையை. அந்த அலையை ஆவியும் வெப்பமும் அவ்வளவாகப் பாதிப்பதில்லை. அதன் சிக்கல் திரவத்தில் இருக்கிறது: ஹெக்சேன் என்ற கரைப்பானைப் போல மின்காப்பு மாறிலி (இந்த எண் குறையக் குறைய ரேடார் எதிரொலியும் வலுவிழக்கும்) 2 அளவில் உள்ளவற்றின் மேற்பரப்பு, வந்த திறனில் ஏறத்தாழ 3 சதவீதத்தையே திருப்பி அனுப்பும், மீதி உள்ளே புகுந்து அடித்தளத்தில் பட்டுத் திரும்புவதால், தொட்டி காலியாகும் தறுவாயில் அந்த எதிரொலியையே மட்டமென்று கருவி எடுத்துக்கொள்ளக்கூடும். கலக்கியோ ஏணியோ உள்ளே இருந்தால், கதிர் குறுகலாக விழும் 80 கிகாஹெர்ட்ஸ் வகை 26 கிகாஹெர்ட்ஸ் வகையைவிடப் பொருந்தும். அடர்ந்த நுரை மட்டும் அல்ட்ராசோனிக், ரேடார் இரண்டையுமே ஏமாற்றும்.

ஆகவே உங்கள் தொட்டிக்கு ரேடாரையே பரிந்துரைப்பேன். வெடிப்பு அபாயப் பகுதிக்கான சான்றிதழ் அதற்கு இருக்க வேண்டும். வளைந்த கூரையின் நடுப்புள்ளியிலோ திரவம் விழும் குழாய்க்கு அருகிலோ பொருத்தாதீர்கள். நிரம்பி வழிவதைத் தடுக்கும் உயர்மட்ட சுவிட்ச், இந்தக் கருவியைச் சாராமல் தனியாக இயங்கட்டும்.