கூட்டத்தோடு போவதா, சுயமாக யோசிப்பதா?

"பூமி சூடாவதற்கு மனிதர்கள்தான் காரணம் என்று 97 சதவீத விஞ்ஞானிகள் ஒத்துக்கொள்கிறார்கள் என்பது வெறும் மந்தைப் புத்தி, நான் சுயமாகச் சிந்திக்கிறேன்" என்கிறார் உங்கள் மைத்துனர். வாயடைத்துப் போனதாக எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் அந்த 97-ஐ விட்டுவிடுங்கள். தலைகளை எண்ணுவது சான்று ஆகாது என்பதில் அவர் சொல்வது சரிதான். ஆனால் இந்த விஷயத்தில் கூட்டத்துக்கு எதிராக நின்றவர் யார்? 1938-இல் கை ஸ்டூவர்ட் காலெண்டர் என்ற நீராவிப் பொறியாளர், பல நாட்டு வெப்பநிலைப் பதிவுகளைக் கையாலேயே கணக்கிட்டு, பூமி சூடாகிறது, கரியமில வாயுவும் ஒரு காரணம் என்றார். அன்றைய வானிலை வல்லுநர்கள் பெரும்பாலும் நம்பவில்லை. தனிமரம் அவர்தான்!

அப்புறம் ரிச்சர்ட் முல்லர். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக இயற்பியலாளர்; வெப்பநிலைத் தரவுகளைச் சந்தேகித்தவர். சந்தேகத்தோடு நிற்காமல் ஒரு குழு அமைத்துத் தரவுகளை முதலிலிருந்து அலசினார். வெப்பமாதல் உண்மை, ஏறக்குறைய முழுக் காரணமும் மனிதர்கள்தான் என்று 2012-இல் வெளிப்படையாக எழுதினார். சுயசிந்தனைக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மைத்துனரிடம் வாதாட வேண்டாம், ஒரு கேள்வி போதும். சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலத்தின் கீழடுக்கும் மேலடுக்கும் சேர்ந்தே சூடாக வேண்டும். அளவீடுகளில் கீழடுக்கு சூடாகிறது, மேலே உள்ள ஸ்ட்ரேட்டோஸ்பியர் குளிர்கிறது. கரியமில வாயு போன்ற, வெப்பத்தைப் பிடித்துவைக்கும் பசுமைக்குடில் வாயுக்கள் கூடினால் இப்படித்தான் நடக்கும். இதற்கு அவருடைய விளக்கம் என்ன என்று கேளுங்கள். வீடியோ இணைப்பு அனுப்பினால் வாங்காதீர்கள், சொந்த வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள்.