வைரஸ் எதிர்ப்பு மருந்து ஆய்வு: தயங்கும் பெற்றோருக்கு ஒரு பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

வேதியியலில் முதுநிலைப் படிப்பை முடிக்கவிருக்கும் உங்கள் மகள் வைரஸ் எதிர்ப்பு மருந்து ஆய்வுக்குச் செல்ல விரும்புவதாகவும், அது உயிருக்கு ஆபத்தான வேலையோ, பல ஆண்டுகள் உழைத்த பின்னும் கையில் ஒன்றும் மிஞ்சாதோ என்று நீங்கள் அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

முதல் அச்சம் எளிதில் தீரக்கூடியது. மருந்து வேதியியலாளர் பொதுவாக உயிருள்ள வைரஸைக் கையாள்வதில்லை. அவர் புதிய சேர்மங்களை உருவாக்கித் தூய்மைப்படுத்தித் தருவார். அவற்றை வைரஸின் மீது சோதிப்பது, உயிர்ப்பாதுகாப்பு வசதியுள்ள ஆய்வகத்தில் பயிற்சி பெற்ற வேறு குழுவினரின் பணி. தீப்பற்றும் கரைப்பான்களும் வீரியமான வினைபொருள்களும்தான் உங்கள் மகள் அன்றாடம் எதிர்கொள்ளும் ஆபத்து. பாதுகாப்பு விதிகளை உண்மையாகவே கடைப்பிடிக்கும் ஆய்வகத்தை அவர் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்த வேலையின் இயல்பை அறிய டெனோஃபோவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து நல்ல சான்று. பிராகைச் சேர்ந்த வேதியியலாளர் அந்தோனின் ஹோலியும் பெல்ஜியத்தின் வைரஸ் ஆய்வாளர் எரிக் டி கிளெர்க்கும் இணைந்து செய்த ஆய்வில் பிறந்த இம்மூலக்கூறு, எச்.ஐ.வி. தன்னைப் பெருக்கிக்கொள்ளத் தேவையான நொதியைத் தடுக்கிறது. ஆனால் இம்மூலக்கூறின், பாஸ்பரஸ் அடங்கிய பாஸ்போனேட் தொகுதியிலுள்ள எதிர்மின்சுமையால், வாய்வழியே உட்கொண்டால் குடல்சுவரைக் கடக்க முடியாமல் திணறுகிறது. அந்த மின்சுமையை மறைத்து, உடலுக்குள் சென்றபின் கழன்றுவிடும் ஒரு போர்வையை வேதியியலாளர்கள் அமைத்ததால்தான் 2001இல் அது மாத்திரையாக அங்கீகாரம் பெற்றது. பின்னர் போர்வையை மட்டும் மாற்றியமைத்தபோது, நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் தேவைப்பட்ட இடத்தில் 25 மில்லிகிராமே போதுமானதாயிற்று. இப்படி ஓரிரு அணுத்தொகுதிகளை மாற்றி மாற்றிப் பார்ப்பதில்தான் இத்துறையில் பல ஆண்டுகள் கழிகின்றன. அதில் சலிப்படையாதவருக்கே இது ஏற்றது.

இரண்டாவது அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஒரு தொற்று பரவும்போது பெருகும் நிதி, அது அடங்கியதும் வற்றிவிடுகிறது. திட்டங்கள் பாதியில் நிற்கின்றன. 2003ஆம் ஆண்டின் சார்ஸ் தொற்று ஓய்ந்ததும் ஃபைசர் நிறுவனத்தின் ஆய்வு ஒன்று அப்படித்தான் நின்றது. ஆனால் அதில் கிடைத்த மூலக்கூறே 2020இல் புதிய தேடலுக்குத் தொடக்கமாகி, அவ்வாண்டு ஜூலையில் முதன்முதலாக உருவாக்கப்பட்ட நிர்மட்ரெல்விர் என்ற கோவிட் மருந்து, 2021 டிசம்பரில் அமெரிக்காவில் அவசரகால அனுமதி பெற்றது. ஆய்வு வீணாகவில்லை என்பது உண்மை. ஆயினும் இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த வேதியியலாளர்களுக்கு வேறு வேலை தேவைப்பட்டிருக்கும் என்பதும் உண்மை. ஆகவே உங்கள் மகளின் ஆர்வம் வைரஸின் மீது இருக்கட்டும், தேர்ச்சி, கார்பன் சேர்மங்களை உருவாக்கும் கரிமத் தொகுப்பு வேதியியலில் இருக்கட்டும் என்பதே என் உறுதியான கருத்து. அந்தத் தேர்ச்சி புற்றுநோய் மருந்துக்கும் வேளாண் வேதிப்பொருள் ஆய்வுக்கும் அப்படியே பயன்படும்.

முனைவர் பட்டத்துக்கு நான்கு முதல் ஆறு ஆண்டுகள் ஆகும்; அதன்பின் ஓரிரு ஆண்டுகள் முதுமுனைவர் ஆய்வும் தேவைப்படலாம். முனைவர் ஆய்வை முடிக்காமலேயே 1988இல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க மருந்து ஆய்வாளர் கெர்ட்ரூட் எலியனைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அவர் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. என்றாலும் இன்று ஆய்வுக்குழுவை வழிநடத்தும் பொறுப்புக்குப் பெரும்பாலும் அப்பட்டத்தை எதிர்பார்க்கிறார்கள்.

முடிவெடுக்கும் முன், கரிமத் தொகுப்பு ஆய்வகம் ஒன்றில் மூன்று மாதமாவது அவர் வேலை செய்து பார்க்கட்டும். இரண்டு வாரம் முயன்றும் கைகூடாத வினையை மறுநாள் காலையில் வேறு வழியில் தொடங்க அவருக்கு மனம் வருகிறதா என்பதை அங்கே அவரே அறிந்துகொள்வார். வழிகாட்டியாக அமையவிருக்கும் பேராசிரியரிடம், முன்பு அவரிடம் பயின்றவர்கள் இப்போது எங்கே பணிபுரிகிறார்கள் என்று தயங்காமல் கேட்கச் சொல்லுங்கள்.