மெழுகுவர்த்திக்காரரின் தாத்தா யார்? காலனிக் கால அமெரிக்கத் தொழிலாளர் குடும்பங்களைத் தேடுவது பற்றிய கேள்வி பதில்

காலனிக் காலம் என்று நான் இங்கே சொல்வது 1607-இல் ஆங்கிலேயரின் ஜேம்ஸ்டவுன் குடியேற்றம் தொடங்கி 1776-இல் சுதந்திரப் பிரகடனம் வரை. அந்தக் காலத்துக் கொல்லர், தச்சர், பீப்பாய் செய்பவர், தோல் பதனிடுபவர் குடும்பங்களைப் பல வருஷமாகத் தேடிப் படித்து வருகிறேன். அமெரிக்காவில் மகளோ மகனோ மணமுடித்த நம் வீடுகளிலிருந்து இப்போது கேள்விகள் நிறைய வருகின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என் மருமகன் மாசசூசெட்ஸ்காரர். 1740 வாக்கில் அவர்கள் முன்னோர் ஒருவர் பாஸ்டனில் பீப்பாய் செய்தார் என்று வீட்டில் பேச்சு. பேத்திக்காக எழுதி வைக்க ஆசை. எங்கே தொடங்குவது?

பேத்தியிடமிருந்து தொடங்குங்கள். 1740-க்கு நேராகப் போய் அந்தப் பெயரில் ஒருவரைப் பிடித்து, அவரிடமிருந்து கீழே இறங்கி வர நினைக்காதீர்கள். நான் பார்த்த தவறுகளில் முக்கால்வாசி அப்படி வந்தவைதான். பேத்தி, அவள் அப்பா, அவருடைய அப்பா என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு ஆவணம் கையில் இருக்க வேண்டும். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டிலுள்ள எல்லோர் பெயரும் வருவது 1850 முதல்தான் (அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களின் பெயர் அதிலும் இல்லை, அதைக் கீழே சொல்கிறேன்). 1790 முதல் 1840 வரை குடும்பத் தலைவரின் பெயர் மட்டும் இருக்கும், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. 1790-க்கு முன்னால் நாடு தழுவிய கணக்கெடுப்பே கிடையாது. அங்கேதான் பலரும் நின்றுவிடுகிறார்கள்.

உங்களுக்கு ஒரு நல்ல விஷயம், நியூ இங்கிலாந்து (மாசசூசெட்ஸ் உள்ள வடகிழக்குப் பகுதி) ஊர்கள் பிறப்பு, திருமணம், இறப்பைப் பதிவு செய்து வந்தன. மாசசூசெட்ஸில் ஊர் வாரியாக 1850 வரைக்குமான பதிவுகள் புத்தகங்களாகவே அச்சாகியிருக்கின்றன. ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாக நிறையக் கிடைக்கும். பீப்பாய் செய்தவர் என்ற பேச்சையும் விட்டுவிடாதீர்கள், எழுதி வையுங்கள். ஒரே பெயரில் மூன்று பேர் வரும்போது அதுதான் உங்களைக் காப்பாற்றும்.

கேள்வி: இறந்தவரின் சொத்துப் பட்டியலைப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறீர்களே சார், பிறந்த தேதிகூடத் தெரியாதபோது அதில் என்ன கிடைக்கும்?

என்னைக் கேட்டால் பிறந்த தேதியைவிட அதுதான் பெரிது. காலனிக் காலத்தில் ஒருவர் இறந்ததும் கோர்ட்டு இரண்டு மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பும், அவர்கள் அறை அறையாகப் போய்ப் பாத்திரம், படுக்கை, கருவி எல்லாவற்றையும் விலையோடு எழுதுவார்கள். பத்திரத்தில் வெறுமனே பெயர் இருக்கும், ஆனால் பட்டியலில் இழைப்புளியும் ரம்பமும் வந்தால் அவர் தச்சர். பட்டறையில் பாதி முடிந்த வேலை என்னவென்றுகூடச் சில பட்டியல்களில் இருக்கும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. பாஸ்டனில் ஜான் கோனி என்ற வெள்ளி வேலைக்காரர் 1722-இல் இறந்தார். அவருடைய சொத்துக் கணக்கில் வெள்ளியும் கருவிகளும் இருப்பதோடு, பால் ரிவ்வார் என்ற பையனின் காலம், ஒப்பந்தப்படி சுமார் மூன்றரை வருஷம், 30 பவுண்டு என்று ஒரு வரி இருக்கிறது. அதாவது அந்த அப்ரண்டிஸ் (ஒப்பந்தப்படி தொழில் பழகும் பையன்) இன்னும் உழைக்க வேண்டிய மாதங்களே ஒரு சொத்து. பிறகு அந்தக் காலத்துக்காக மதிப்பிட்டதைவிட 10 பவுண்டு கூடுதலாகப் பணம் வந்ததென்றும் கணக்கு சொல்கிறது. ஆக 40 பவுண்டு கொடுத்து விடுதலை. இந்தப் பையன் யார்? பிரான்சில் போர்தோவுக்குப் பக்கத்தில் 1702-இல் பிறந்த அப்போலோ ரிவ்வார். ஹ்யூகனோ எனப்படும் பிரெஞ்சு புராட்டஸ்டண்ட் குடும்பம். 13 வயதில் தனியாக பாஸ்டனுக்கு அனுப்பப்பட்டு, கோனியிடம் தொழில் பழகியவர். பெயரைப் பின்னால் பால் ரெவியர் என்று மாற்றிக்கொண்டார். 1775 ஏப்ரல் இரவில் பிரிட்டிஷ் படை வருகிறது என்று குதிரையில் போய் எச்சரித்த பால் ரெவியர் இவருடைய மகன், அவரும் வெள்ளி வேலைக்காரர்தான். ஒருவர் எந்த வயதில் வந்தார், யாரிடம் தொழில் கற்றார், எப்போது சுதந்திரமானார் என்று மூன்று கேள்விக்கான பிடி வேறொருவருடைய சாவுக் கணக்கில் கிடக்கிறது. அதனால்தான் உங்கள் ஆளின் பட்டியலோடு நிற்காமல் அவருடைய முதலாளியின் பட்டியலையும் தேடச் சொல்கிறேன்.

கடன் பட்டியலையும் தாண்டிப் போய்விடாதீர்கள். தொழிலாளி இறந்தால் அவருக்கு யார் தர வேண்டும், அவர் யாருக்குத் தர வேண்டும் என்று நீண்ட வரிசை இருக்கும், அதில் மைத்துனர் இருப்பார், மாமனார் இருப்பார், மரம் கொடுத்தவர் இருப்பார். விலை போட வந்தவர்கள் பல நேரம் அதே தொழில்காரர்கள். 14 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் தங்கள் காப்பாளரைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம் என்பதால், அந்தக் காகிதத்தில் பிள்ளையின் வயதுக்கும் ஒரு தடயம் உண்டு.

கேள்வி: ஒரே ஊரில் ஒரே பெயரில் இரண்டு செருப்புத் தொழிலாளிகள். ஒருவர் சீனியர், ஒருவர் ஜூனியர். அப்பா மகன் என்று எழுதிவிடலாமா?

எழுதாதீர்கள். அப்போது சீனியர், ஜூனியர் என்றால் ஊரில் மூத்தவர், இளையவர் என்றுதான் அர்த்தம். சித்தப்பா மகனாக இருக்கலாம், உறவே இல்லாமலும் இருக்கலாம். மூத்தவர் இறந்ததும் ஜூனியர் சீனியராகிவிடுவார், இது இன்னும் குழப்பம். நானும் ஒரு குடும்பத்துக்கு இரண்டு வருஷம் உழைத்து, கடைசியில் தவறான ஆளின் கிளையைக் கொடுத்திருக்கிறேன். அதைத் திருப்பிச் சொல்ல வேண்டி வந்த நாள் இன்னும் மனதில் இருக்கிறது.

இப்போது நான் செய்வது இதுதான். இரண்டு பேருக்கும் தனித்தனித் தாள் போட்டு, வருஷ வாரியாக எல்லா ஆவணத்தையும் எழுதுவேன். மனைவி பெயர், நிலத்தின் எல்லையில் யார் நிலம், வரி எவ்வளவு, கையெழுத்தா கைக்குறியா என்று பார்ப்பேன். எழுதத் தெரியாதவர்கள் போட்ட குறி ஆளுக்கு ஆள் வேறுபடும், ஒருவர் தன் பெயரின் முதல் எழுத்தை ஒரு மாதிரி போடுவார், அதையே வருஷக்கணக்கில் போடுவார். தொழில் பெயரையும் நுணுக்கமாகப் பாருங்கள். 'கார்ட்வெய்னர்' புதுச் செருப்பு செய்பவர், 'காப்ளர்' பழையதைத் தைப்பவர். எழுதியவருக்கு இந்த வித்தியாசம் தெரியும்.

கேள்வி: ஒரு பதிவில் 1705/6 என்று இருக்கிறது. எது சரியான வருஷம்?

இரண்டுமே சரி. 1752 வரை பிரிட்டிஷ் காலனிகளில் சட்டப்படி புது வருஷம் மார்ச் 25-இல்தான் பிறந்தது. அதனால் ஜனவரி முதல் மார்ச் 24 வரையிலான நாட்களுக்கு இரண்டு வருஷத்தையும் போடும் வழக்கம். அமெரிக்காவை நிறுவிய தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பிறந்தது பழைய கணக்கில் 1705/6 ஜனவரி 6, இன்றைய கணக்கில் 1706 ஜனவரி 17. பதினோரு நாள் வித்தியாசமும் 1752-இல் காலண்டரை மாற்றியதால் வந்ததுதான், அந்த வருஷம் செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14. உங்கள் குறிப்பில் பதிவில் உள்ளபடியே எழுதுங்கள், மாற்றி எழுதினால் பின்னால் வருகிறவர் இன்னொரு முறை மாற்றிவிடுவார்.

கேள்வி: அட்லாண்டிக்கைத் தாண்டி இங்கிலாந்து ஊரைக் கண்டுபிடிப்பது எப்படி? கப்பல் பட்டியல் எதிலும் பெயர் இல்லை.

கப்பல் பட்டியலை நம்பி உட்காராதீர்கள். காலனிக் காலத்தில் வந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பட்டியலே மிஞ்சவில்லை. பிரிஸ்டலில் 1654 முதல் 1686 வரை ஒப்பந்த வேலைக்குப் போன பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரின் பதிவேடு இருக்கிறது, அதை ஒருமுறை பாருங்கள். ஆனால் ஊரைக் கண்டுபிடிக்க உறவினரையும் தொழிலையும் பிடித்துப் போவதுதான் நல்ல வழி.

ஃபிராங்க்ளினே இதைச் செய்தார். அவருடைய அப்பா ஜோசையா பாஸ்டனில் மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்து விற்றவர். ஆனால் பரம்பரையைத் தேடுகிறவர் இங்கிலாந்தில் மெழுகுவர்த்திக்காரரைத் தேடினால் கிடைக்கமாட்டார், ஏனென்றால் ஜோசையா அங்கே பான்பரியில் துணிக்குச் சாயம் போட்டவர். பாஸ்டனில் அந்தத் தொழிலுக்குக் கிராக்கி இல்லை என்று மாற்றிக்கொண்டார். அவருடைய முன்னோரோ எக்டன் என்ற கிராமத்தில் 30 ஏக்கர் நிலமும் கொல்லுப் பட்டறையும் வைத்திருந்தவர்கள், மூத்த மகன் கொல்லர் வேலைக்குப் போவது அந்தக் குடும்ப வழக்கம். கொல்லர், சாயக்காரர், மெழுகுவர்த்திக்காரர், அச்சுக்காரர், எல்லாம் ஒரே குடும்பம்.

1758-இல் பெஞ்சமின் தன் மகன் வில்லியமோடு எக்டனுக்குப் போனார். அங்குள்ள தேவாலயப் பதிவேடு 1555 வரை பின்னால் போனது. ஐந்து தலைமுறையாகத் தான் கடைக்குட்டியின் கடைக்குட்டி என்று அதிலிருந்துதான் அவருக்குத் தெரிந்தது. பக்கத்து ஊரான வெல்லிங்பரோவில் பெரியப்பா மகள் மேரி ஃபிஷரைக் கண்டார், ஜோசையா முதல் மனைவியோடும் பிள்ளைகளோடும் கப்பலேறப் புறப்பட்டது அந்த வயதான அம்மாவுக்கு நினைவிருந்தது. முதலில் உயிரோடு இருக்கும் வயதானவரிடம் கேள், அப்புறம் பதிவேடு, அப்புறம் கல்லறை. இன்றைக்கும் இதைவிட நல்ல வரிசை எனக்குத் தெரியாது. கல்லறைக் கற்களில் பாசி படர்ந்து எழுத்தே தெரியவில்லை. பாதிரியாரின் மனைவி கடினமான பிரஷும் தண்ணீரும் வரவழைத்தார், பீட்டர் தேய்த்துச் சுத்தம் செய்தார், வில்லியம் எழுதிக்கொண்டார். (நீங்கள் தேய்க்காதீர்கள், பழைய கல் உதிர்ந்துவிடும். சாய்வாக வெளிச்சம் விழும் நேரத்தில் படம் எடுங்கள்.)

கேள்வி: அந்தக் கல்லைத் தேய்த்த பீட்டர் யார்? என் கணவர் கறுப்பின அமெரிக்கர், அவர் முன்னோரும் கொல்லர் என்கிறார்கள். எங்களுக்கு இந்த வழியெல்லாம் உதவுமா?

கேட்டதற்கு நன்றி அக்கா. பீட்டர் ஃபிராங்க்ளின் அடிமையாக வைத்திருந்தவர். மனைவிக்கு எழுதிய கடிதத்தில் ஃபிராங்க்ளின் தன் வம்சத்தை இரண்டு நூற்றாண்டுக்குப் பின்னால் கொண்டுபோகிறார், அதே கடிதத்தில் பீட்டருக்கு ஒற்றைப் பெயர் மட்டும்தான். இந்தத் தேடலில் எனக்கு மிகவும் வலிக்கும் இடம் இது.

வழி உண்டு, ஆனால் கடினம். விடுதலை பெற்ற மக்களில் பெரும்பாலோரின் முழுப் பெயர் கணக்கெடுப்பில் முதலில் வருவது 1870-இல். அதற்கு முன்னால் அவரை அடிமையாக வைத்திருந்தவரின் பெயரில் தேட வேண்டும். முன்னே சொன்ன சொத்துப் பட்டியல்களில் கருவிகளுக்கும் மாடுகளுக்கும் நடுவே மனிதர்களின் பெயரும் விலையும் வரும், சில சமயம் 'கொல்லர்', 'பீப்பாய்க்காரர்' என்று தொழிலும் வரும். உயில்கள், விற்பனைப் பத்திரங்கள், விடுதலைப் பத்திரங்கள், தேவாலய ஞானஸ்நானப் பதிவுகள் எல்லாம் பாருங்கள். தப்பியோடியவரைப் பிடிக்கச் செய்தித்தாளில் கொடுத்த விளம்பரங்களில் வயது, உடல் அடையாளம், தெரிந்த தொழில், சில நேரம் உறவினர் இருக்கும் ஊர்கூட இருக்கும். படிக்கும்போது மனசு கனக்கும், ஆனால் ஒரு மனிதரை முழுதாகக் காட்டும் காகிதம் பல குடும்பங்களுக்கு அது ஒன்றுதான்.

கேள்வி: அப்ரண்டிஸ் ஒப்பந்தம் எங்கே கிடைக்கும்?

பெரும்பாலும் கிடைக்காது, இரண்டு தரப்பும் ஆளுக்கொரு பிரதி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். விதிவிலக்காக ஃபிலடெல்ஃபியாவில் 1771 முதல் 1773 வரை மேயர் முன் பதிவான ஒப்பந்தங்களின் புத்தகம் இருக்கிறது. அனாதைப் பிள்ளைகளையும் ஏழைப் பிள்ளைகளையும் ஊரோ சர்ச்சோ தொழிலுக்குக் கட்டிவைத்த ஒப்பந்தங்கள் பல இடங்களில் மிஞ்சியிருக்கின்றன. இங்கிலாந்தில் 1710-இல் அப்ரண்டிஸ் ஒப்பந்தத்துக்கு வரி போட்டார்கள், அந்த வரிப் பதிவேடுகள் லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

கிடைத்தாலும் அப்படியே நம்ப வேண்டாம். பெஞ்சமின் 12 வயதில் அண்ணன் ஜேம்ஸின் அச்சகத்தில் ஒப்பந்தமானார். ஜேம்ஸ் செய்தித்தாள் நடத்தக் கூடாது என்று தடை வந்ததும், தம்பி பெயரில் நடத்துவதற்காகப் பழைய ஒப்பந்தத்தின் பின்புறம் விடுவித்ததாக எழுதிக் கொடுத்து, ரகசியமாகப் புது ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். பின்புறத்தை மட்டும் பார்த்தவர் பையன் சுதந்திரமானான் என்றுதான் நினைப்பார். 1723-இல் பெஞ்சமின் ஓடிப்போனார், கொஞ்ச நாளில் ஜேம்ஸ் தனக்கு ஒரு அப்ரண்டிஸ் பையன் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்தார்.

கேள்வி: பெண்களைப் பற்றி ஒன்றுமே கிடைப்பதில்லையே அண்ணா?

நிலப் பத்திரத்தின் கடைசிப் பக்கம் பாருங்கள். கணவர் விற்கும்போது மனைவி தன் உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திடும் இடம் பல காலனிகளில் உண்டு. விதவையானால் வாழ்நாள் உரிமையாக நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதைப் பிரித்துக் கொடுத்த கோர்ட்டு ஆவணம் இருக்கும். தொழிலை எடுத்து நடத்திய விதவைகளும் பலர். மேலே சொன்ன ஜேம்ஸ் 1735-இல் இறந்தபின் அவர் மனைவி ஆன் ஃபிராங்க்ளின் நியூபோர்ட்டில் அச்சகத்தைத் தொடர்ந்து நடத்தினார்.

கேள்வி: எங்கள் சம்பந்தி வீட்டுக் குடும்பப் பெயர் கார்பென்டர். தச்சர் பரம்பரைதானே?

பென்சில்வேனியாவா என்று முதலில் கேளுங்கள். அங்கே ஜெர்மானியக் குடும்பங்கள் சில ஸிம்மர்மான் என்ற பெயரைக் கார்பென்டர் என்று மொழிபெயர்த்துக்கொண்டன. 1727 முதல் ஃபிலடெல்ஃபியாவில் இறங்கிய பிரிட்டிஷ் அல்லாத ஆண்கள் பிரிட்டிஷ் அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டியிருந்தது, அந்தக் கையெழுத்துப் பட்டியல்கள் இருக்கின்றன, ஸிம்மர்மான் என்று தேடுங்கள். பெயரை வைத்துத் தொழிலைத் தீர்மானிக்காதீர்கள். குடும்பப் பெயருக்கு என்று விற்கிற சின்னம் பொறித்த கேடயங்களையும் வாங்காதீர்கள், அவை தனி மனிதர்களுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் உரியவை, பெயருக்கு உரியவை அல்ல.

கேள்வி: மாமனார் வீட்டுப் பரணில் 1760-களின் கணக்குப் புத்தகம் ஒன்று கிடைத்திருக்கிறது. தோல் அட்டை, பக்கங்கள் உதிர்கின்றன. என்ன செய்ய?

முதலில் டேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். அமிலமில்லாத அட்டைப்பெட்டியில் படுக்க வையுங்கள். சுத்தமான, உலர்ந்த கையால் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள், காலிப் பக்கத்தையும் சேர்த்து. பால் ரெவியரின் பட்டறைக் கணக்குப் புத்தகங்கள் 1761-இலிருந்து மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்தில் இருக்கின்றன, யாருக்கு என்ன செய்தார் என்று இன்று தெரிவது அவற்றால்தான். உங்கள் மாநிலத்து வரலாற்றுச் சங்கத்திடமும் பேசுங்கள், கொடுத்துவிட வேண்டும் என்றில்லை, பாதுகாக்க வழி சொல்வார்கள்.

படிக்கும்போது 'எஃப்' மாதிரி தெரியும் நீண்ட எழுத்து பல இடத்தில் 'எஸ்'. பவுண்டு, ஷில்லிங், பென்ஸ் மூன்று பத்திகளாக இருக்கும், 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. முதல் பத்துப் பக்கத்தின் படத்தை அனுப்புங்கள், சேர்ந்து உட்கார்ந்து வாசித்துவிடலாம்.