அம்மா கேட்ட டேப்ரிக்கார்டர்

கேள்வி: எனக்கு 45 வயது, திருச்சியில் வேலை. எஸ்.பி.பி. பாட்டோடு வளர்ந்தவன். இத்தனை வருடம் ஆகியும் அவர் மறைந்த செப்டம்பர் 25 வந்தால் கை கால் ஓடுவதில்லை. லீவு போட்டுவிட்டு, தாமரைப்பாக்கத்தில் அவரை அடக்கம் செய்த இடத்துக்குப் போய்வருவேன். மனைவி கேலி செய்கிறார். சின்ன வயதில் அப்பா எனக்காகக் கடையில் பதிந்து வாங்கித் தந்த டிடிகே கேசட்டுகள் திண்டிவனத்தில் அம்மாவிடம் இருக்கின்றன. ஒன்றில் பாட்டு முடிந்து மிச்சமிருந்த இடத்தில் அப்பா பேசியிருப்பார். அவரும் இப்போது இல்லை. டேப்ரிக்கார்டரை ரிப்பேர் பண்ணித் தரச் சொல்லி அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார். எல்லாப் பாட்டும் யூடியூப்பில் இருக்கிறதே என்று சொல்லிவிட்டேன். இந்தத் துக்கத்திலிருந்து மீள்வது எப்படி?

பதில்: மீள்வதை அப்புறம் பார்ப்போம் தம்பி. அம்மா எதற்காக டேப்ரிக்கார்டர் கேட்கிறார் என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா? புருஷன் குரலைக் கேட்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டு, ரிப்பேர் பண்ணித் தா என்கிறார். நீங்கள் யூடியூப்பைக் காட்டுகிறீர்கள்.

எஸ்.பி.பி. தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி என்று ஆயிரக்கணக்கில் பாடிவிட்டுப் போயிருக்கிறார். அந்தக் குரலைக் காப்பாற்ற ஊரே இருக்கிறது. உங்கள் அப்பாவின் குரல் அந்த ஒரே நாடாவில்தான் இருக்கிறது. நீங்கள் தாமரைப்பாக்கம் போவதே திண்டிவனத்தைத் தாண்டித்தான். வழியில் இறங்கியதாகக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. பாடகருக்காக அழுவதில் தப்பே கிடையாது. பெற்றவள் கேட்டதைத் தட்டிக்கழித்துவிட்டு அழுகிறீர்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த மாதமே போங்கள். ஆசையில் உடனே கேசட்டைப் போட்டுவிடாதீர்கள். முதலில் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் காதுகளையும் உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கார்ட் பட்டனை அமுக்கினாலும் அப்பா குரல் அழியாது. கேசட்டின் நடுவில் உள்ள ஜன்னல் வழியாகப் பாருங்கள். நாடாச் சுருளில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் பூஞ்சை. அதைப் போட்டால், செட்டில் நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும், அனுபவமுள்ளவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் பஞ்சுத் துண்டு பசை காய்ந்து விழுந்திருக்கலாம். அப்படியானால் சத்தம் மங்கி மங்கி வரும். ஐந்து ஸ்க்ரூ உள்ள வேறு கேசட்டின் கூட்டுக்குள் இரண்டு சுருளையும் மாற்றினால் சரியாகும். நாடா அறுந்திருந்தால் செலோடேப் ஒட்டவே கூடாது. அதன் பசை கசிந்து பக்கத்துச் சுற்றையும் பிடித்துக்கொள்ளும். ஒட்டுவதற்கென்றே ஸ்ப்ளைசிங் டேப் இருக்கிறது.

பழைய செட்டில் பெல்ட் இளகித் தார் மாதிரி ஆகியிருக்கும், மாற்ற வேண்டும். ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தொட்ட பஞ்சால் துடையுங்கள். வேண்டாத ஒரு கேசட்டை ஓட்டிப் பார்த்து, நாடாவைத் தின்னவில்லை என்று தெரிந்த பிறகே அப்பா கேசட்டைத் தொடுங்கள். 90 நிமிட நாடா 60-ஐ விட மெல்லியது, சீக்கிரம் சிக்கும். போடுமுன் ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் சுற்றிவிட்டால் ஒட்டிய சுற்றுகள் பிரியும்.

கம்ப்யூட்டரில் பதிவு செய்ய, டேப்ரிக்கார்டரின் வயரை லேப்டாப்பின் மைக் துளையில் சொருகாதீர்கள், குரல் உடைந்து கரகரக்கும். லைன்-இன் (டேப்ரிக்கார்டர் வயரைச் சொருகும் துளை) உள்ள யுஎஸ்பி கருவி வாங்கி, ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில், ஒலியைச் சுருக்காமல் வைக்கும் வேவ் ஃபைலாகப் பதியுங்கள். அதில் தெரியும் ஒலி அளவு மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். 90 நிமிடம் ஒரு ஜிபிக்குள் அடங்கும். இரைச்சல் நீக்குகிறேன் என்று அசல் பதிவில் கை வைக்காதீர்கள், நகலில் செய்யுங்கள்.

அப்பா பேசிய பகுதியை மட்டும் வெட்டி அம்மாவின் போனில் எம்பி3 ஆகப் போட்டுக்கொடுங்கள். ஆனாலும் டேப்ரிக்கார்டரையும் சரிசெய்தே கொடுங்கள். அவர் கேட்டது அதைத்தான். மனைவியையும் கூட அழைத்துப் போங்கள். கூடப்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் ஒரு பிரதி போக வேண்டும்.